எட்டு வரிகளில் ஐந்து வாரம்

அந்த மாணவி என்னிடம் வந்தபோது கையில் நான்கு பக்கக் கட்டுரை இருந்தது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் எட்டு வரிக் கவிதை ஒன்றைப் பற்றி எழுதியது. திருத்தியவர் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: “கவிதை எங்கே?”

“எல்லாமே எழுதியிருக்கேனே மிஸ். கவிஞரோட வாழ்க்கை இருக்கு, ரொமான்டிக் காலம் இருக்கு, இயற்கை இருக்கு, அணி இருக்கு. அப்புறமும் கவிதை எங்கேன்னு கேட்டா நான் என்ன பண்றது?”

பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. பட்டப்படிப்புக்கு ஆங்கில இலக்கியத்தை விரும்பித்தான் எடுத்திருக்கிறார். பேசும்போது ஆங்கிலம் தடுமாறும், எழுத்து பரவாயில்லை. தன் சிக்கலுக்கு அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: “என் இங்கிலீஷ் பத்தல.”

வாரம் ஒரு மணி நேரம் என்று ஆறு வாரம் உட்கார்ந்தோம். அதில் ஐந்து வாரமும் அதே எட்டு வரிதான். மூன்று முறை கட்டுரையைத் திரும்ப எழுதினார். முதல் கட்டுரையோடு சேர்த்து நான்கு வரைவுகளையும் என் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆங்கில இலக்கியம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் இதே சிக்கலைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழ் இலக்கண அறிவு என்ற பெரிய செல்வத்தை வகுப்பு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள் என்பது என் மனத்தை வருத்துகிற விஷயம். இந்த ஒரு மாணவியின் கதையில் அது தெளிவாகத் தெரிகிறது.

கவிதையும் முதல் வரைவும்

கவிதைக்குத் தலைப்பு கிடையாது. ‘எ ஸ்லம்பர் டிட் மை ஸ்பிரிட் ஸீல்’ என்ற முதல் வரியையே பெயராகச் சொல்வார்கள். வேர்ட்ஸ்வொர்த் ஜெர்மனியில் தங்கியிருந்த 1798-99 குளிர்காலத்தில் எழுதியது; 1800-இல் ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் வந்தது. மொத்தம் 48 சொற்கள், நந்நான்கு வரியாக இரண்டு பத்தி. முதல் பத்தியின் பொருளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஓர் உறக்கம் என் ஆவியை முத்திரையிட்டு மூடியது; மனிதர்க்குரிய அச்சங்கள் எனக்கு இல்லை; மண்ணுலக ஆண்டுகளின் தொடுதலை உணர முடியாத ஒரு பொருளாக அவள் தோன்றினாள். இரண்டாம் பத்தி: இப்போது அவளிடம் அசைவில்லை, விசையில்லை; அவள் கேட்பதுமில்லை, காண்பதுமில்லை; பூமியின் அன்றாடச் சுழற்சியில் பாறைகளோடும் கற்களோடும் மரங்களோடும் சேர்ந்து உருட்டப்பட்டு. அவ்வளவுதான்.

முதல் வரைவில் ஒன்றரைப் பக்கம் கவிஞர் வரலாறு. அடுத்த ஒரு பக்கத்தில் ரொமான்டிக் கவிஞர்களுக்கு இயற்கையின் மேல் இருந்த ஈடுபாடு. அதற்குப் பிறகு ‘லூசி கவிதைகள்’ என்று அழைக்கப்படும் ஐந்து கவிதைகளில் இது ஒன்று, லூசி யார் என்று தெரியவில்லை என்ற செய்தி. லூசி என்ற பெயர் இந்தக் கவிதைக்குள் எங்குமே வரவில்லை என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. கடைசியில் அணிகள்: ‘ஸ்பிரிட்’, ‘ஸீல்’ இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன, ‘ரோல்ட்’, ‘ரவுண்ட்’ இரண்டும் அப்படியே. இவை கவிதைக்கு அழகு சேர்க்கின்றன என்று ஒரு வாக்கியம்.

எல்லாம் சரியான தகவல்தான். பிழை என்று சுட்ட ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நான்கு பக்கத்தை எழுத அந்த எட்டு வரியைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. திருத்தியவர் கேட்டது அதைத்தான்.

கட்டுரையை மூடி வைத்தேன். “ஒவ்வொரு வரியும் என்ன சொல்லுதுன்னு எனக்குத் தமிழ்ல சொல்லும்மா” என்றேன்.

“தமிழ்லயா?” என்று தயங்கினார். ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் பொருள் சொல்வது கைடு வைத்துப் படிப்பதுபோல ஒரு குற்றம் என்று எண்ணியிருந்தார். வற்புறுத்தியதும் சொன்னார்: “அவள் தூங்குறா. அவளோட ஆவி மூடிடுச்சு. அதாவது செத்துட்டா.”

அங்கேதான் இருந்தது எல்லாம். தூங்கியது அவள் அல்ல, சொல்பவர். மூடப்பட்டது அவருடைய ஆவி. வரியில் ‘மை’, அதாவது ‘என்’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லின் பொருள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. கவிதை சாவைப் பற்றியது என்று நோட்ஸில் முன்கூட்டியே படித்துவிட்டதால், உறக்கம் என்றதும் சாவு என்று மனம் முந்திக்கொண்டது.

இரண்டாம் வேற்றுமை செய்த உதவி

அந்த முதல் வரியில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆங்கிலத்தில் எது எழுவாய், எது செயப்படுபொருள் என்பதைச் சொல் நிற்கும் இடம்தான் சொல்லும். வினைக்கு முன்னால் நிற்பது செய்பவர், பின்னால் நிற்பது செய்யப்படுவது. இந்த வரியில் ‘ஸ்லம்பர்’ (உறக்கம்), ‘ஸ்பிரிட்’ (ஆவி) இரண்டுமே வினைக்கு முன்னால் நிற்கின்றன. ‘ஸீல்’ என்ற வினை கடைசியில். எதை எது மூடியது? உறக்கம் ஆவியையா, ஆவி உறக்கத்தையா? வேற்றுமை உருபு கிடையாது, இடமும் மாறிக் கிடக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கூட ஒரு கணம் நின்றுதான் பிரிக்க வேண்டும்.

“தமிழ்ல இந்தச் சிக்கல் வருமா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “வராது மிஸ். ‘ஆவியை’ன்னு ‘ஐ’ போட்டுருவோம். அப்புறம் எங்க வேணா வைக்கலாம்.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கரடுமுரடான ஒவ்வொரு வரியிலும் ‘ஐ’ எங்கே விழும் என்று தேடச் சொன்னேன். ஐந்தாம் வரியிலும் சொல் வரிசை புரண்டிருப்பதை அவரே பிடித்தார்: அசைவு முதலில், வினை நடுவில், ‘அவள்’ அதற்குப் பின்னால். ‘டிட்’ ஏன் முதல் வரியில் வருகிறது என்றும் கேட்டார். கேள்விக்கும் மறுப்புக்கும் அழுத்திச் சொல்வதற்கும்தான் அது வரும் என்று இலக்கண வகுப்பில் படித்திருந்தார். பழைய ஆங்கிலச் செய்யுளில் அழுத்தம் எதுவும் இல்லாமலே வரும், பெரும்பாலும் சந்தத்துக்காக என்றேன். ஒற்றைப்படை வரிகளில் எட்டு அசை, இரட்டைப்படை வரிகளில் ஆறு. நாட்டுக் கதைப்பாடல்களின் நடை அது.

பிறகு நன்னூலை நினைவுபடுத்தினேன். பொருள்கோள் (செய்யுளின் சொற்களை இணைத்துப் பொருள் காணும் முறை) எட்டு என்று மேல்நிலை வகுப்பில் அவர் மனப்பாடம் செய்தவர்தான். மொழிமாற்று என்றதும் “சுரையாழ அம்மி மிதப்ப” என்று வாயில் தானாக வந்தது. சுரைக்காய் மிதக்கும், அம்மிதான் ஆழும். சொற்களை மாற்றிப் போட்டுப் பொருள் கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறிவைத் தமிழ்த் தேர்வோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆங்கிலச் செய்யுளுக்கு முன்னால் உட்காரும்போது அந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு வரலாற்றுச் செய்தியை அவரிடம் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் மாணவர்களிடம் கவிஞர் பெயர் போடாமல் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். அவர்கள் எழுதியவற்றை ஆராய்ந்து 1929-இல் ‘ப்ராக்டிகல் கிரிட்டிசிஸம்’ என்ற நூலாக வெளியிட்டார். வாசகர்கள் தடுக்கி விழும் பத்து இடங்களை அதில் வரிசைப்படுத்தினார். அதில் முதலாவது, சொற்களின் நேர்ப் பொருளைப் பிடிக்க முடியாமை. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்து நல்ல பள்ளிகளில் படித்து வந்தவர்கள் அவர்கள். “அப்போ அவங்களுக்கும் இதேதானா?” என்றார். அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் ஒருமுறைகூட “என் இங்கிலீஷ் பத்தல” என்று சொல்லவில்லை.

ரிச்சர்ட்ஸின் பட்டியலில் இன்னும் இரண்டு இடங்கள் இந்த வரைவுக்கு அப்படியே பொருந்தின. ஒன்று, ஏற்கெனவே மனத்தில் தயாராக இருக்கும் உணர்ச்சியைக் கவிதையின் மேல் கொட்டுவது. வேர்ட்ஸ்வொர்த் என்றாலே இயற்கை, இயற்கை என்றாலே ஆறுதல் என்பதுபோல. மற்றொன்று, நுட்ப விவரங்களை வைத்தே கவிதையை எடைபோடுவது.

நான் செய்த தவறு

இரண்டாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன். அவர் வேகமாக முன்னேறுவதைப் பார்த்து, ஆங்கில யாப்பு, அணிக் கலைச்சொற்கள் அடங்கிய ஒரு தாளைக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த இரண்டாம் வரைவு முதல் வரைவைவிட மோசமாக இருந்தது. தாளில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் கவிதையில் ஓர் எடுத்துக்காட்டைத் தேடிப் பிடித்திருந்தார். உருவகம் இங்கே, ஆகுபெயர் இங்கே, சந்தம் இன்னது. தமிழில் வரி வரியாகச் சொன்னபோது இருந்த உயிர் அதில் இல்லை.

கலைச்சொல் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது ஒரு கேள்விக்கு விடையாக வர வேண்டும். கேள்வி எழும் முன்பே பெயரைக் கொடுத்துவிட்டால், பெயர் வைப்பதே வேலை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாகத் தொல்காப்பியச் செய்யுளியலை எடுத்தேன். செய்யுளின் உறுப்புகள் என்று 34-ஐ அது அடுக்குகிறது. மாத்திரை, அசை, சீர், அடி எல்லாம் முதலில் வரும். பின்னால் வருபவைதான் எனக்கு வேண்டியவை: கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம். யார் சொல்கிறார், யாரிடம், எங்கே நின்று, எப்போது, எதைச் சொல்லாமல் விடுகிறார். அகப்பாடல் படித்த யாருக்கும் இது புதிதல்ல. குறுந்தொகையில் ஆண் புலவர் பாடிய பாட்டைத் தலைவி கூற்று என்று படிக்கிறோம். அந்தத் தலைவிதான் புலவர் என்று யாரும் குழம்புவதில்லை. கவிதைக்குள் பேசும் குரல் வேறு, எழுதிய ஆள் வேறு என்பதை ஆங்கில இலக்கிய வகுப்பில் புரியவைக்க ஆசிரியர்கள் எவ்வளவோ பாடுபடுகிறார்கள். நமக்கு அது பிறந்த வீட்டுச் சொத்து.

மூன்றாவது வாரம் ஐந்து கேள்விகளை மட்டும் தாளில் எழுதி, கவிதையை நடுவில் வைத்தேன். அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

களன், கேட்போர் இரண்டுக்கும் விடை கிடைக்கவில்லை. யாரிடமும் சொல்வதாகத் தெரியவில்லை, எங்கே நிற்கிறார் என்றும் இல்லை. “இல்லைங்கிறதையும் எழுதிக்கோ” என்றேன். காலத்துக்கு வந்தார். பென்சிலால் வினைகளை மட்டும் வட்டமிட்டார். முதல் பத்தியில் எல்லாம் இறந்தகாலம். இரண்டாம் பத்தியில் ‘ஹேஸ்’, ‘ஹியர்ஸ்’, ‘ஸீஸ்’; எல்லாம் நிகழ்காலம். ‘நவ்’ என்ற சொல்லையும் வட்டமிட்டு, இரண்டு பத்திக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“இங்கதான் செத்துருக்கா.”

“எந்தச் சொல்லில்?”

“சொல்லே இல்ல. சாவுங்கிற சொல் கவிதையிலேயே இல்ல. ரெண்டு பத்திக்கும் நடுவுல வெறும் இடந்தான் இருக்கு.”

எச்சம் என்று தாளில் எழுதியிருந்ததற்கு நேராக அவரே ஒரு அம்புக்குறி போட்டார். கவிதையின் மிகப் பெரிய நிகழ்ச்சி கவிதைக்கு வெளியே நடந்திருக்கிறது. முதல் பத்திக்காரர் உறங்கிக்கொண்டிருந்தபோதே நடந்துவிட்டது. விழிக்கும்போது அது முடிந்த செய்தி.

பிறகு கூற்றுக்குத் திரும்பினார். யார் சொல்கிறார் என்பதற்கு ‘மை’, ‘ஐ’ இரண்டையும் முதல் பத்தியில் அடிக்கோடிட்டார். இரண்டாம் பத்தியில் தேடினார். முதலில் அவசரமாக, பிறகு விரலை ஒவ்வொரு சொல்லிலும் வைத்து.

“மிஸ், கீழ ‘நான்’ இல்லவே இல்ல. ஆளக் காணோம்.”

நான் பல வருடம் இந்தக் கவிதையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் போனதைப் பற்றியே பேசியிருக்கிறேன். சொல்பவரும் சேர்ந்தே காணாமல் போயிருக்கிறார் என்பதை, ஒரு மாணவி விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும்போது கேட்பது வேறு. அழுதேன், துடித்தேன் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. துயரப்பட வேண்டிய ‘நான்’ வாக்கியத்தை விட்டே எழுந்து போய்விட்டது. அன்று அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை, கிளம்பிப் போனார்.

ஒரு சொல்லின் எடை

மூன்றாம் வரைவு ஒன்றரைப் பக்கம். சுருங்கியதற்கு அவர் வருத்தப்பட்டார், எனக்கோ மகிழ்ச்சி. அதில் வாழ்க்கை வரலாறு இல்லை. வினைகளின் காலம் பற்றி ஒரு பத்தி, ‘நான்’ மறைந்தது பற்றி ஒரு பத்தி. குறை என்னவென்றால், சொற்களுக்குள் அவர் இன்னும் இறங்கவில்லை. வாக்கியத்தின் எலும்பைப் பார்த்துவிட்டார், சதையைத் தொடவில்லை.

அதனால் நான்காவது வாரம் அகராதி வேலை. ஏழாம் வரியில் ‘டையர்னல்’ என்ற சொல் வருகிறது. “இந்தச் சொல் மட்டும் கஷ்டமா இருக்கு, ஏன் இத வச்சாரு?” என்றார். நல்ல கேள்வி. 48 சொற்களில் மூன்று அசை உள்ளது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓரசை, ஈரசை, குழந்தையும் சொல்லக்கூடியவை. அகராதியைப் பார்த்தோம்: அன்றாடம் நிகழ்வது, பூமி தன்னைத் தானே சுற்றும் தினச் சுழற்சியைக் குறிக்க வானியலில் வழங்கும் சொல். அதன்பின் ‘மோஷன்’, ‘ஃபோர்ஸ்’ என்ற சொற்களைத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். அறிவியல் பாடத்தில் அவர் படித்த சொற்கள்தான்: இயக்கம், விசை. நியூட்டனின் சொற்கள். செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிப் பேச இயற்பியல் பாடத்தின் மொழி எதற்கு? அவள் இப்போது அந்த விதிகளுக்கு மட்டும் கட்டுப்பட்டவள். தானாக அசைய மாட்டாள்; பூமி சுற்றினால் கூடச் சுற்றுவாள்.

(இந்தச் சொல்லுக்குள் சாவையும் ஈமத்தாழியையும் குறிக்கும் ‘டை’, ‘அர்ன்’ என்ற ஒலிகள் கேட்கின்றன என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. அதை அன்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வரைவு முழுக்க அப்படிப்பட்ட ஒலி வேட்டையாகவே வந்திருக்கும்.)

கடைசி இரண்டு வரிகளில் முற்றுவினை கிடையாது என்பதை அவரே கவனித்தார். ‘ரோல்ட்’ வினையெச்சமாக நிற்கிறது: உருட்டப்பட்டு. உருட்டுபவர் யார் என்று இல்லை. கேட்காதவள், காணாதவள், இப்போது எதையும் செய்யாதவள். வாக்கியம்கூட அவளுக்கு ஒரு வினையைத் தரவில்லை.

பிறகு ‘திங்’, அதாவது ‘பொருள்’ என்ற சொல். முதல் பத்தியில் அது சாதாரணமாக வருகிறது. மூப்பு தொட முடியாத ஒன்றாகத் தோன்றினாள் என்பது காதலில் மயங்கியவர் சொல்கிற புகழ்ச்சி. நாமும் ‘சிலை மாதிரி இருந்தா’ என்று சொல்வோம். இரண்டாம் பத்தியில் அந்தப் புகழ்ச்சி அப்படியே பலித்துவிடுகிறது. அவள் இப்போது உண்மையிலேயே ஒரு பொருள். ஆண்டுகளின் தொடுதல் உண்மையிலேயே அவளைத் தொடாது. ‘மண்ணுலக’ ஆண்டுகள் என்று மேலே வந்த அதே மண்தான் கீழே அவளைச் சுமந்து சுற்றுகிறது. மாணவி இதைச் சொல்லி முடித்தபோது குரல் தாழ்ந்துவிட்டது. “அவரு சொன்ன வார்த்தையே அவர திருப்பி அடிக்குது மிஸ்.” நான்காம் வரைவில் இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தது. இலக்கணத்தில் சிறு பிழை இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரை முழுவதிலும் சிறந்த வாக்கியம் அதுதான்.

மரங்கள்

ஐந்தாவது வாரம்தான் விமர்சகர்களைக் கொண்டுவந்தேன். அதற்கு முன்பு கொண்டுவந்திருந்தால் அவர்கள் சொன்னதை எழுதியிருப்பார். தான் கண்டதை எழுதியிருக்க மாட்டார்.

இந்தக் கவிதையைப் பற்றி நேர் எதிரான இரண்டு வாசிப்புகள் உண்டு. கிளியன்த் ப்ரூக்ஸ், அவளுடைய அசைவற்ற நிலை காதலனுக்குத் தரும் அதிர்ச்சியையே கடைசி வரிகளில் கண்டார். கல்லோடு கல்லாகப் போய்விட்டாளே என்ற கொடுமை. எஃப். டபிள்யூ. பேட்ஸன் அதை மறுத்தார். இயற்கையின் பெருவாழ்வில் கலந்ததால் அவள் இப்போது முன்பைவிட உயர்ந்தவள் ஆகிவிட்டாள் என்று படித்தார். இ. டி. ஹெர்ஷ் 1967-இல் வெளிவந்த நூலில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டில் எது சரி என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று விவாதித்தார். வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர் கோல்ரிட்ஜ் 1799-இல் ஒரு கடிதத்தில், வேர்ட்ஸ்வொர்த் தன் தங்கை இறக்கும் தருணத்தைக் கற்பனை செய்து இதை எழுதியிருக்கலாம் என்று ஊகித்தார். அந்தத் தங்கை டோரத்தி அண்ணனுக்குப் பிறகும் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து 1855-இல்தான் இறந்தார்.

“இதுல யார் சொல்றது சரி?” என்று கேட்டார். எல்லா மாணவர்களும் கேட்பார்கள். “நீ சொல்லு. ஆனா சொல்லைக் காட்டிச் சொல்லு” என்றேன்.

கடைசி வரியில் நின்றார். பாறைகள், கற்கள், மரங்கள். பாறையும் கல்லும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே பொருளை இருமுறை சொன்னதுபோல இருக்கிறது. மூன்றாவதும் அப்படியே ஏதாவது வந்திருக்கலாம். மண் என்று வந்திருக்கலாம். மரம் ஏன் வந்தது? மரத்துக்கு உயிர் உண்டு, வளரும், ஆண்டுகள் அதைத் தொடும். “கவிதையோட கடைசிச் சொல்லு உயிருள்ளது மிஸ். அப்போ பேட்ஸன் சொல்றதுலயும் ஏதோ இருக்கு.” கொஞ்சம் பொறுத்து அவரே மறுத்தார்: “ஆனா அதுவும் பாறையோட சேர்ந்துதான் உருளுது. மரத்துக்கும் வினை இல்ல.”

எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பதை நான் பொதுவாக ஏற்பதில்லை. பல நேரம் அது சோம்பலை மறைக்கும் போர்வை. ஆனால் இங்கே அவர் நடுவில் நிற்கவில்லை. நான்காம் வரைவில், அதிர்ச்சிதான் வலுவான வாசிப்பு என்று எழுதி, மரங்கள் என்ற அந்த ஒரு சொல் அந்த அதிர்ச்சியை முழுமையாக மூடவிடாமல் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று முடித்திருந்தார். ‘நோ’, ‘நாட்’, ‘நைதர்’, ‘நார்’ என்ற மறுப்புச் சொற்களை எண்ணி, மேல் பத்தியில் இரண்டு, கீழ்ப் பத்தியில் நான்கு என்று சான்றும் காட்டியிருந்தார். முதல் வரைவில் அழகு சேர்ப்பதாகச் சொன்ன ‘ரோல்ட்’, ‘ரவுண்ட்’ மோனைக்கும் இப்போது வேலை வந்திருந்தது: அந்த ரகரம் அடுத்த வரியின் ‘ராக்ஸ்’ வரைக்கும் உருண்டுபோய்ப் பாறையில் முட்டி நிற்கிறது என்று எழுதியிருந்தார். மொத்தம் இரண்டரைப் பக்கம்.

வேறு நூல்களில்

ஒரு கவிதையை ஐந்து வாரம் படித்து ஒரு நல்ல கட்டுரை எழுதிவிட்டால், கற்றுவிட்டார் என்று ஆகிவிடாது. துணையில்லாமல் அடுத்ததைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறாவது வாரம் ஆங்கிலக் கவிஞர் ப்ரௌனிங் 1842-இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையைக் கொடுத்தேன். ஒரு பிரபு தன் முந்தைய மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டிப் பேசும் 56 வரிகள். கூற்று, கேட்போர் என்று இரண்டையும் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். கேட்பவர் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது: பிரபு அடுத்து மணக்கப் போகும் பெண்ணின் வீட்டிலிருந்து வந்த தூதர். அதைக் கண்டதும் முதலிலிருந்து மறுபடி படித்தார். “இவ்வளவும் ஓவியத்தப் பத்திப் பேச்சு இல்ல மிஸ், புதுப் பொண்ணுக்கு எச்சரிக்கை” என்றார். தான் கட்டளையிட்டதாகவும் புன்னகைகள் எல்லாம் ஒருசேர நின்றதாகவும் பிரபு சொல்லும் இடத்தில், கட்டளை என்னவென்று சொல்லப்படவில்லை என்பதையும் உடனே பிடித்தார். எச்சம் என்று ஓரத்தில் எழுதினார். நான் ஒரு சொல்கூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

உரைநடையில் அந்த வேகம் வரவில்லை. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் தொடக்க வாக்கியத்தைக் கொடுத்தேன். நல்ல சொத்துள்ள, மணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று அது சொல்கிறது. “திருமணம் சமுதாயத்துக்கு முக்கியம்னு ஆசிரியர் கருதுறாங்க” என்று எழுதினார். பழைய மாணவி திரும்பி வந்துவிட்டார். கவிதை என்றால் குரலைத் தேட வேண்டும் என்று பழகியிருந்தார். நாவலில் பேசுவது ஆசிரியர்தானே என்று விட்டுவிட்டார். சொற்பொருளைப் பிடிப்பதைவிட, அந்தச் சொல் எந்தத் தொனியில் வருகிறது என்று கேட்பது கடினம். வேற்று மொழியில் அது இன்னும் கடினம், ஏனென்றால் தொனி காதில் பழகி வருவது, அகராதியில் கிடைக்காது.

வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். பிறகு அடுத்த வாக்கியத்தையும். அப்படிப்பட்ட ஒருவன் ஒரு பகுதிக்குக் குடிவந்தால், அவன் மனத்தில் என்ன இருந்தாலும், சுற்றியுள்ள குடும்பங்கள் அவனைத் தங்கள் மகள்களில் யாரோ ஒருத்திக்கு உரிய சொத்தாகவே எண்ணிக்கொள்கின்றன என்று அது போகிறது. மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை ‘உலகமே ஒப்புக்கொண்ட’ என்ற இடத்தில் குரல் தானாகக் கொஞ்சம் உயர்ந்தது.

“இது ஊர்ப் பேச்சு மிஸ். இவங்க சொல்லல. ஊர் சொல்ற மாதிரி சொல்றாங்க.”

“எப்படித் தெரியும்?”

“முதல் வாக்கியத்துல மாப்பிள்ளைக்குப் பொண்ணு தேவைன்னு இருக்கு. ரெண்டாவதுல பொண்ணு வீட்டுக்கு மாப்பிள்ளை தேவைன்னு ஆயிடுது. தேவை யாருக்குன்னு மாறிடுச்சு. சொத்து அவன்கிட்ட இருக்குன்னு ஆரம்பிச்சு, கடைசில அவனே சொத்தாயிட்டான்.”

புத்தகத்தை மூடப் போனவர் மறுபடி திறந்தார். முதல் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார்.

“சரி, பேசுறது ஊர். அப்போ அதைக் கேட்டுச் சிரிக்கிறது யாரு மிஸ்?”

அந்தக் கேள்விதான் அவருடைய அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.